கட்டபொம்மனை எடுப்பது, ஊமைத்துரையைத் திரும்ப விடுவது

பாஞ்சாலங்குறிச்சிப் போரை 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' என்ற கணினிப் போர் ஆட்டத்தில் கேம்பெயினாக (அடுத்தடுத்த காட்சிகளாக) செய்கிறவர்கள் புது வீரனைச் சேர்க்கத்தான் அதிகம் பயப்படுவார்கள். அது லேசு. ஆளை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுகிற இடத்தில்தான் ஆட்டம் காலை வாரும்.

வேல்காரனை ஒன்றுமில்லாமல் தொடங்கி எழுத வேண்டாம். ஆட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற ஈட்டி வீரனான ஸ்பியர்மேனை 'பேஸ்_யூனிட்' டேகில் (டேக் என்பது கோப்பில் சதுர அடைப்புக்குள் எழுதும் கட்டளை) கொடுத்தால் 36 உயிர்ப்புள்ளி, 14 பொன் விலை, ஈட்டி 7-3 (ஒரு குத்துக்கு 7, மொத்தம் 3 குத்து), எறிஈட்டி 6-1 எல்லாம் வந்துவிடும். மாற்ற வேண்டியதை மட்டும் எழுதுங்கள். ஒரு பொறி உண்டு: நீங்கள் எழுதும் முதல் 'அட்டாக்' டேக் புது ஆயுதமாகச் சேராது, ஸ்பியர்மேனின் முதல் ஆயுதத்தோடு கலந்துவிடும். வளரியைச் சேர்க்க நினைத்து ஈட்டியைத் தொலைப்பது இப்படித்தான். முதல் இரண்டையும் வெற்று டேகாக விட்டு, மூன்றாவதில் வளரியை எழுதுங்கள்.

கோப்பு சரியாக இருந்தும் வேல்காரன் பட்டியலில் வரவில்லையா? மெயின் கோப்பின் 'யூனிட்ஸ்' டேகுக்குள் அந்த ஃபோல்டர் இருக்கிறதா, அந்த அணியின் 'ரெக்ரூட்' வரியில் அவன் ஐடி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மாற்றங்கள் ஏற, முகப்புத் திரையில் எஃப்5. காட்சியின் நடுவில் பட்டியலில் சேர்க்க 'அலோ_ரெக்ரூட்', நிறுத்த 'டிஸ்அலோ_ரெக்ரூட்'. நிறுத்தினாலும் களத்தில் நிற்கிறவர்கள் நிற்பார்கள். கோப்பையே அழித்துவிடாதீர்கள், அந்த வகை வீரன் இருக்கிற பழைய சேவ் திறக்காது.

இனி எடுப்பது. 1799 செப்டம்பர் 5-ல் கம்பெனித் தளபதி பானர்மேன் படையின் முதல் தாக்குதல் கோட்டையில் தோற்றது. அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். முதல் காட்சியில் அவர்தான் தலைவர். அங்கேயே எடுத்தால் தலைவர் இல்லாத அணி தோற்றதாகிவிடும். இரண்டாம் காட்சியின் 'பிரீஸ்டார்ட்' நிகழ்வில் (காட்சி திரையில் வருமுன் நடப்பது) 'கில்' டேகால், அவர் ஐடியைக் கொடுத்து எடுங்கள். 'கில்' அவரைத் திரும்ப அழைக்கும் பட்டியலிலிருந்தும் (முந்தைய காட்சிகளில் பிழைத்தவர்கள் பட்டியல்) துடைக்கும். இல்லாவிட்டால் 1801-ல் இருபது பொன்னுக்கு அவரை அழைத்துக்கொள்ளலாம்! ஐடியை நேராக எழுத வேண்டும். அதற்குள் 'ஃபில்டர்' டேக் போட்டால் அது கணக்கில் வராது, படை மொத்தமும் போய்விடும். பட்டியலில் இருப்பவரை இல்லாமல், காட்சி நடக்கும்போது களத்தில் நிற்கிறவரை 'கில்' செய்தால், சாகும் காட்சி வேண்டுமென்றால் 'அனிமேட்'டுக்கு யெஸ். 'டை' நிகழ்வும் நடக்க 'ஃபயர்_ஈவென்ட்'டுக்கும் யெஸ்.

ஊமைத்துரை கணக்கு வேறு. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரி 2-ல் தப்பியவர் அவர். அழிக்கக்கூடாது, ஒளித்து வைக்க வேண்டும். 'ஸ்டோர்_யூனிட்'டில் கில் யெஸ் என்று கொடுத்து, ஒரு மாறியில் (வேரியபிளில்) வையுங்கள்; அனுபவப் புள்ளி, காயம் எல்லாம் அப்படியே இருக்கும், அடுத்த காட்சிக்கும் மாறி கூடவே வரும். அங்கே அணிக்கு 'நோ_லீடர்' யெஸ் கொடுத்து, மாறியில் 'கேன்ரெக்ரூட்'டை (அவரைத் தலைவராக்குவது) யெஸ் ஆக்கி, 'அன்ஸ்டோர்_யூனிட்'டால் கோட்டைக்குள் இறக்குங்கள். 'ஃபைண்ட்_வேகன்ட்' யெஸ் மறந்தால், அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே நிற்கிறவன் சத்தமில்லாமல் காணாமல் போவான். சாதாரண 'யூனிட்' டேக் இப்படிச் செய்யாது, பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே வேலைதானே என்று நினைப்பவர்களுக்கு இங்கேதான் அடி.

டேக் பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் ஆங்கிலச் சின்ன எழுத்தில், அடிக்கோடு விடாமல் அடியுங்கள்.