விழுந்த பழங்களின் கணக்கு: பாலிக் பூலாவ் தோட்டத்தில் ஓர் ஆர்ட் ரெசிடென்சி

தோட்டத்தில் தங்கிப் படைப்புச் செய்யும் ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, பருவம் பார்த்துப் போங்கள் என்பதுதான். பினாங்கு பாலிக் பூலாவில் ஜூன், ஜூலை மாதங்களில் டுரியான் கொட்டும். நம்மைக் கவனிக்க அப்போது யாருக்கும் நேரமிருக்காது. அந்தப் பருவத்தைத்தான் நான் கேட்டு வாங்கினேன். வேலை நடக்கும் தோட்டத்துக்குள் ஓவியருக்கு என்ன இடம் என்று பார்க்கத்தானே போகிறோம்?

பழைய படைப்புகள், திட்டக் குறிப்பு, செலவுக் கணக்கு என விண்ணப்பம் வழக்கமானதுதான். ஒரு கேள்விக்கு மட்டும் வெகுநேரம் யோசித்தேன்: எல்லாம் முடிந்தபின் உங்கள் படைப்பு எங்கே போகும்? மக்காத எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது, ஓடையில் ரசாயனம் கலக்கக் கூடாது என்பது தோட்டத்தின் விதி. டுரியான் தோலிலிருந்து காகிதம் செய்வதாக எழுதினேன். செலவுக் கணக்கில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: எனக்காக நேரம் ஒதுக்கும் தோட்டத் தொழிலாளிக்குக் கூலி. படிவத்தில் அதற்கு இடமில்லாததால் 'இதர செலவு' என்ற கட்டத்தில் போட்டேன், ஒப்புக்கொண்டார்கள். விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் இதைக் கேட்க வேண்டும். நமக்கு உதவித்தொகை, நமக்குக் கற்றுத்தருபவருக்கு வெறும் நன்றி என்பது நியாயமே இல்லை.

காலையில் தோட்ட வேலை, மதியத்துக்குமேல் நம் வேலை என்பது ஏற்பாடு. இங்கே டுரியானைப் பறிப்பதில்லை, பழுத்துத் தானாக விழவேண்டும். பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் விழும். வெளிச்சம் வந்ததும் கூடையோடு சரிவில் ஏறுவோம். என்னைக் கூட்டிப்போனவர் அங்கே நெடுங்காலமாக வேலை செய்யும் தமிழ்ப் பெரியவர். "தலையில தொப்பி இருக்குன்னு மரத்தடியில நிக்காதம்மா. எடுத்தியா, நகரு" என்பது அவர் சொன்ன முதல் பாடம். இரவில் படுத்தபடியே, சத்தத்தை வைத்து எந்த மரம் போட்டது என்று சொல்வார். கொட்டகைச் சுவரில் மரத்துக்கு மரம் சாக்கட்டியால் கோடு போட்டு விழுந்த கணக்கு வைத்திருந்தார். அந்தச் சுவரைப் பார்த்த பிறகு என் திட்டக் குறிப்பில் இருந்த நிலக்காட்சிகள் எனக்குத் தேவைப்படவில்லை. இந்தக் கணக்கையே வரைவோம் என்று முடிவு செய்தேன்.

காகிதத்துக்குத் தோலின் உட்பக்கத்து வெள்ளைச் சதையைப் பாராங் என்ற வெட்டுக்கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். நார் பிரிய காரநீர் (அல்கலி) வேண்டும். காஸ்டிக் சோடாவுக்கு அனுமதியில்லை. விறகடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்த தெளிநீரில் வேகவைத்தேன். அதிக நேரம் பிடிக்கும், ஆனாலும் வேகும். பிறகு நன்றாக அலசி, கட்டையால் அடித்துக் கூழாக்கி, சட்டமிட்ட வலையில் அள்ளிக் காயவைக்க வேண்டும். டுரியான் நார் மட்டும் என்றால் தாள் சீக்கிரம் கிழியும். வாழைத்தண்டு நார் கலந்தால் உறுதி வரும். பினாங்கின் ஈரக்காற்றில் தாள் காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் ஜாதிக்காய் உலர்த்தும் கொட்டகையில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கினேன்.

வண்ணம் தேடியதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. மங்குஸ்தான் தோலைக் கொதிக்கவைத்தால் பழுப்பு வரும். துருப்பிடித்த ஆணிகளைக் காடியில் ஊறவைத்து அந்த நீரைச் சேர்த்தால், தோலின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருமை கிடைக்கும். ஜாதிபத்திரியின் சிவப்பு கண்ணைப் பறிக்கும், ஆனால் காயக் காய மஞ்சளுக்குப் போய்விடும். அதைத் தடுக்க நான் முயலவில்லை. பழத்துக்கும் அதுதானே நடக்கிறது.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு தாள், விழுந்த பழத்துக்கு ஒரு கரும்புள்ளி. சில தாள்கள் நிறைந்தன, சில வெறிச்சோடின. ஏன் என்று கேட்டேன். "அந்த மரம் பூத்தப்போ மழை அடிச்சுது. வௌவால் சரியா வரலம்மா" என்றார். டுரியான் பூ மாலையில் விரிந்து விடிவதற்குள் கொட்டிவிடும். இரவில் தேன் குடிக்க வரும் குகை வௌவால்கள்தான் மகரந்தத்தைக் கொண்டுபோகின்றன. டுரியான் பூக்காத மாதங்களில் அவை கடலோர அலையாத்திக் காட்டின் பூக்களை நம்பியிருக்கின்றன. கடலோரத்துச் சதுப்பை அழித்தால் மலைச்சரிவில் காய்ப்புக் குறையும். இதைச் சுற்றுச்சூழல் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். வெற்றுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது.

பார்வையாளர் நாளன்று தாள்களைக் கொட்டகையில் தொங்கவிட்டோம். பெயர்ப் பலகையில் பெரியவருக்கு 'உதவி' என்று போடலாம் என்றார்கள். கணக்கு அவருடையது, இரண்டு பெயரும் ஒரே அளவில் வேண்டும் என்று வலியுறுத்தினேன், அப்படியே வந்தது. அவரோ பெயரைப் பார்க்கவில்லை, தாள்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அணில் கடிச்சதை விட்டுட்டியேம்மா. அதுவும் மரம் போட்டதுதானே" என்றார். அங்கேயே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல, அவற்றுக்கு வெற்று வட்டங்கள் போட்டேன்.

அடுத்த ஆண்டோடு ஒப்பிட வேண்டும் என்று தவுக்கே, அதாவது தோட்ட முதலாளி, ஒரு பகுதித் தாள்களை எடுத்துக்கொண்டார். மற்றவற்றைக் கிழித்து உரக்குழியில் போட்டோம், விண்ணப்பத்தில் சொன்னபடி. உதவித்தொகையின் கடைசிப் பகுதி, படங்களோடு அறிக்கை கொடுத்த பிறகுதான் கையில் வந்தது. தொழிலாளியின் கூலியும் அதுவரை காத்திருக்குமா என்று கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். நான் கேட்டு, அவருடையதை வாரந்தோறும் கொடுக்கும்படி எழுதி வாங்கியிருந்தேன்.