பாசி பிடித்த மரத்தில் ஒரு காசித்தும்பை

நீலகிரியில் சோலைக்காட்டு மரங்களுக்கான நாற்றங்காலில் வேலை பார்த்த காலத்தில், வெளியூர்க்காரர்கள் யார் வந்தாலும் முதலில் குறிஞ்சியைத்தான் விசாரிப்பார்கள். 2018இல் பூத்தது, பன்னிரண்டு வருடக் கணக்குப்படி அடுத்து 2030 என்போம். குறிஞ்சி பூத்த மலையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். ஆனால் என் மனம் ஒட்டிக்கொண்டது காசித்தும்பைகளிடம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட காசித்தும்பை இனங்கள் உண்டு. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. சில நீர் கசியும் பாறையில் வளரும், சில ஓடைக்கரையில். இம்பேஷியன்ஸ் ஜெர்டோனியே என்ற இனம் மரத்தின் மேலேயே வாழ்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் பெயரிட்டு விவரித்த செடி இது. கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து, தடித்த தண்டு மட்டும் பாசிக்குள் கிடக்கும். செத்துவிட்டது என்றே நினைப்போம். மழை இறங்கியதும் துளிர்த்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பை போன்ற பூக்களைத் தொங்கவிடும்.

சோலை மரங்களை வளர்ப்பதற்கே நிறையப் பொறுமை வேண்டும். பல மரங்களின் விதை காய்ந்தால் முளைக்காது, பழம் விழுந்த சூட்டோடு விதைக்க வேண்டும். அப்புறம் உறைபனியிலிருந்து கன்றுகளைக் காக்க வேண்டும். அதையெல்லாம் செய்துவிடலாம். இந்தக் காசித்தும்பையையும் நாற்றுப் பையில் வளர்க்கலாமா என்று கூட வேலை பார்த்த அக்காவிடம் கேட்டேன். "பையில முளைச்சாலும் அப்புறம் எங்க தம்பி கொண்டு போய் வைப்ப? நம்ம கன்னு மேல பாசி ஏற எத்தனை வருஷம் ஆகுமோ!" என்றார்.

அவர் சொன்னது சரி. பாசி மெத்தையாகப் படிந்த கிழட்டு மரம் ஒன்றைச் சாலைக்காக வெட்டிவிட்டு, ஈடாகப் பத்துக் கன்று நட்டோம் என்று கணக்குக் காட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்த மரத்தோடு போகும் பூச்செடிகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அதன் பிறகு நடவுக்கு இடம் பார்க்கும்போது, பழைய சோலையின் விளிம்பை ஒட்டிய இடத்தையே நான் கேட்டு வாங்குவேன். காசித்தும்பையின் காய் வெடித்தால் விதை சில அடி தூரம்தான் தெறிக்கும். எங்கள் கன்றுகள் அந்தத் தூரத்துக்குள் நிற்க வேண்டும்.