சிஎம்பி வழியாக 1911 பிஸ்டல்: படிவத்திலிருந்து விலை வரை

அமெரிக்க ராணுவக் கிடங்குகளில் கிடந்த எம்1911 பிஸ்டல்களை, அலபாமாவின் அனிஸ்டனில் அலுவலகம் வைத்திருக்கும் சிஎம்பி (சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம், பொதுமக்களிடையே துப்பாக்கி சுடும் பயிற்சியை வளர்க்கும் அமைப்பு) 2018இல் விற்க ஆரம்பித்தது. முதல் சுற்றுக்கு விண்ணப்பம் தபாலில் மட்டும்தான், செப்டம்பர் 4 முதல் அக்டோபர் 4 வரை. முந்தியடித்துக்கொண்டு அனுப்பியும் லாபமில்லை. வரிசை எண் கணினிக் குலுக்கலில்தான் வந்தது.

அந்தச் சுற்றில் உறைக்குள் போக வேண்டியிருந்தவை: குடியுரிமைச் சான்று (கிரீன் கார்டு போதாது), சிஎம்பியுடன் இணைப்புப் பெற்ற துப்பாக்கிக் கிளப்பின் உறுப்பினர் அட்டை, சுடும் பயிற்சிக்கான சான்று, பிஸ்டலைப் பெற்றுத் தரப்போகும் துப்பாக்கி வியாபாரியின் அரசு உரிம நகல். கோளாறு பெரும்பாலும் கடைசியில்தான். சேகரிப்பாளருக்கான 03 வகை உரிமம் இங்கே செல்லவில்லை. 01, 02, 07 வகை உரிமமுள்ள வியாபாரிதான் வேண்டியிருந்தது. பின்னணிச் சோதனையும் இரண்டு: சிஎம்பி ஒன்று, கடையில் 4473 படிவம் (துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் அரசுப் படிவம்) நிரப்பும்போது இன்னொன்று.

முறை வந்ததும் போனில் கூப்பிட்டார்கள். முதல் சுற்றில் விலை பிஸ்டலின் நிலைமையைப் பொறுத்து இருந்தது: சர்வீஸ் கிரேடு 1,050 டாலர், ஃபீல்டு 950, ரேக் 850. மிச்சமிருந்த கிரேடில் ஒன்றைச் சொல்லலாம். எந்தக் கம்பெனி தயாரித்தது வேண்டும் என்று கேட்டு வாங்க முடியவில்லை.

சந்தை விலை வேறு கணக்கு. கிரேடு தேய்மானத்தையும் துருவையும் சொல்லுமே தவிர, பாகங்கள் அசலா என்பதைச் சொல்லாது. மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா அமரும் இடம்) காலி என்று உறுதிசெய்துகொண்டு எழுத்துகளைப் பாருங்கள். ஸ்லைடில் (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) 7790314, பேரலில் (குழல்) 7791193 என்றிருந்தால் பிற்பாடு மாற்றிய பாகங்கள். ஃபிரேமில் (கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்) 'ஏஏ' அகஸ்டா, 'எஸ்ஏ' ஸ்பிரிங்ஃபீல்டு, 'ஆர்ஐஏ' ராக் ஐலண்ட்: பழுதுபார்த்த ஆயுதக் கிடங்குகளின் முத்திரை. ரெமிங்டன் ராண்ட் கம்பெனி ஃபிரேம்மேல் கோல்ட் (Colt) கம்பெனி ஸ்லைடு உட்கார்ந்திருப்பது சர்வசாதாரணம். இப்படிக் கலந்தவை சுட நன்றாக இருக்கும்; ஆனால் அதே கம்பெனியின் அசல் துப்பாக்கிக்கு வரும் விலை இவற்றுக்கு வராது.

கம்பெனியும் விலையைத் தூக்கும். இரண்டாம் உலகப் போரில் டைப்ரைட்டர் கம்பெனியான ரெமிங்டன் ராண்ட் 8 லட்சத்துக்கு மேல் செய்தது. ரயில் சிக்னல் கம்பெனியான யூனியன் ஸ்விட்ச் சுமார் 55,000. தையல் மெஷின் சிங்கர் வெறும் 500. சிங்கர் பெயரில் போலி நிறைய, நிபுணர் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

பொருத்தமான ஸ்லைடு தேடி வாங்கி 'அசலாக்கும்' வேலை என் கணக்கில் வீண். பூச்சின் நிறமும் தேய்மானமும் ஒத்துப்போகாது, பழகிய கண் உடனே பிடித்துவிடும். மெருகேற்றுவதும் புதுப் பூச்சு போடுவதும் அதைவிட மோசம். எண்ணெய்த் துணியோடு நிறுத்துங்கள். சுடுவதாக இருந்தால் ரிகாயில் ஸ்பிரிங்கை (ஸ்லைடை முன்னே திரும்பத் தள்ளும் ஸ்பிரிங்) மட்டும் 16 பவுண்டு விசையுள்ள புதியதாக மாற்றி, பழையதைச் சீட்டு ஒட்டிப் பையில் போட்டு வையுங்கள்; விற்கும்போது கேட்பார்கள்.