ராணியின் இறால் வலை

போர்ச்சுகலில் ஊர்ச் சின்னத்தைப் பார்த்தாலே அந்த ஊரின் தகுதி தெரிந்துவிடும். கேடயத்துக்கு மேல் மதில் போல ஒரு கிரீடம் இருக்கும், அதில் கோபுரங்களை எண்ணினால் போதும். சிறு நகரத்துக்கு நான்கு, பெருநகரத்துக்கு ஐந்து. மற்ற ஊர்களுக்கு வெள்ளிதான், தலைநகர் லிஸ்பனுக்கு மட்டும் தங்கம். இதற்கு 1991இல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

சரி, என் மனதை விட்டுப் போகாதது ஓபிடோஸ் என்ற சின்ன ஊரின் பழைய கல்தூண். அதில் ஒரு பக்கம் அரசச் சின்னம், இன்னொரு பக்கம் இறால் வலை! 1491இல் ராணி லியோனோரின் ஒரே மகன் அஃபோன்சோ குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனான். பதினாறே வயது. மீனவர்கள் அவனை வலையில் ஏந்தி வந்தார்களாம். அந்த வலையையே அந்தத் தாய் தன் சின்னமாக வைத்துக்கொண்டாள்.