அன்பினாலும் பிரியத்தினாலும்

சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவனுக்குப் பாசத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நாங்கள் அதைத் தினமும் எழுதுகிறோம், அதுவும் முத்திரைத்தாளில்.

சொந்தக்காரருக்குச் சொத்தைச் சும்மா எழுதிக் கொடுக்கும் தான செட்டில்மெண்ட்டில் பணம் கைமாறாது. "உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்ற வரிதான் விலைக்குப் பதில். முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பிக்கும் அதே வரி, கடன்காரனுக்குப் பயந்து வீட்டை மனைவி பேருக்கு மாற்றுகிறவருக்கும் அதே வரி. அரசாங்கமும் குடும்பத்துக்குள் என்றால் சலுகை காட்டுகிறது. வெளியாருக்கு விற்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பெற்ற பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தால் 1 சதவீதம், அதுவும் 40 ஆயிரத்தைத் தாண்டாது. 2023 ஜூலைக்கு முன்பு இது 25 ஆயிரமாக இருந்தது. பாசத்துக்கும் விலைவாசி ஏறத்தானே செய்யும்.

காதல் ஜோடிகளும் வருவார்கள். 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி அவர்களுடைய அறிவிப்பு 30 நாள் பலகையில் தொங்க வேண்டும். ஒளிந்து காதலித்தவர்களின் பெயரையும் விலாசத்தையும் ஊருக்குக் காட்டும் ஏற்பாடு! வீட்டை எழுதிக் கொடுக்க இரண்டு சாட்சி போதும், இந்தக் கல்யாணத்துக்கு மூன்று சாட்சி வேண்டும். சட்டம் போட்டவர் அனுபவசாலி என்று நினைத்துக்கொள்வேன்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பவர்கள் வயதான அப்பாக்கள். "கடைசி வரை இந்த வீட்டில் இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒரு வரி சேர்க்கட்டுமா? மகன் பராமரிக்க வேண்டும் என்று இன்னொரு வரி?" என்று கேட்டால் பதறிவிடுவார்கள். "வேண்டாம் சார், பையன் தப்பா நினைச்சுக்குவான்." பையன் பக்கத்திலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். இதே அப்பா வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்தான்.

உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் அப்படியில்லை, கொடுத்தது கொடுத்ததுதான். கைவிடப்பட்ட பெற்றோருக்கு 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தால்தான் அது உதவும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியவர்களுக்கு நன்மை தரும் விதத்தில் சட்டத்தைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. தள்ளாத வயதில் இதற்கெல்லாம் அலைவதைவிட, தெம்பு இருக்கும்போது அந்த இரண்டு வரியைச் சேர்ப்பது நல்லது என்பது என் கட்சி.

ஒரே ஒரு அம்மா மட்டும் நான் கேட்பதற்கு முன்பே கேட்டார். எனக்குச் சோறு போட வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும், மாடி அறை எனக்குத்தான், எல்லாவற்றையும் எழுது என்றார். மகனுக்கு முகம் சுருங்கியது. "என்னம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

"நீ நல்லவன், உன் பொண்டாட்டி நல்லவ, நானும் நல்லவதான். அதான் சண்டை வர்றதுக்கு முன்னாடியே எழுதச் சொல்றேன். நீங்க எழுதுங்க தம்பி."

மகன் அப்புறம் வாதாடவில்லை. ராகு காலம் தொடங்குவதற்குள் முடிந்துவிடுமா என்று மட்டும் கேட்டார்.