டயாலிசிஸ் பெட்ல நாலு வருஷம்

ரெண்டு கிட்னியும் போயிருச்சு, நாலு வருஷமா செவ்வாய், வியாழன், சனி காலைல ஆறு மணி ஷிப்ட்ல டயாலிசிஸ், அதாவது மெஷின் வச்சு ரத்தத்தச் சுத்தம் பண்ண, போய்ட்டு வர்றேன். பாளையங்கோட்டை பக்கம், வயசு 41, லேத் வேலை. இத எழுதச் சொன்னது என் வீட்டுக்காரி தான், டாக்டர் டயாலிசிஸ்னு சொன்னதும் வீட்ல உக்காந்து அழுதுட்டு இருக்கிற யாராவது ஒருத்தர் படிச்சா கூட போதும்னா.

மொதல்ல கால் வீங்குச்சு, நின்னுட்டே வேலை பாக்கிறோம்ல அதான்னு விட்டுட்டேன். அப்புறம் சோறு வாய்கிட்ட போனாலே குமட்டல், பத்து படி ஏறினா மூச்சு வாங்குது, டெஸ்ட் எடுத்தா, கிட்னி வெளிய தள்ள வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்துல 11, ரொம்ப ரொம்ப அதிகம். பல வருஷமா பிரஷர் இருந்திருக்கு, எனக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்ல, சத்தமில்லாம ரெண்டு கிட்னியையும் தின்னுருச்சு. தயவுசெஞ்சு முப்பது வயசு தாண்டினவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர் பாத்துருங்க.

அன்னைக்கே கழுத்துல டியூப் போட்டு மெஷின்ல ஏத்திட்டாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால பணம் பத்தின பயம் கொஞ்சம் கொறஞ்சுது. ஆனா மனசு? மூணு தடவை உபவாச ஜெபம் வச்சோம், வீடு நெறைய ஜனங்க, ஒவ்வொரு தடவையும் அடுத்த டெஸ்ட்ல நார்மல்னு வரும்னு நம்பிப் போவேன், வராது. அப்போ ஜெபிக்க வந்த ஒருத்தர், இந்த வீட்ல ஏதோ மறைச்ச பாவம் இருக்கு, அதான் சுகம் கெடைக்கலன்னு எங்க அம்மா முன்னாடியே சொல்லிட்டுப் போயிட்டார். அன்னைக்கு ராத்திரி முழுக்க அம்மா தூங்கல, "நான் என்னல பாவம் செஞ்சேன், உனக்கு இப்படி வந்துருக்கே"ன்னு அழுதுட்டே இருந்தாங்க. ஊசி வலியெல்லாம் அதுக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல.

மறுநாள் எங்க சர்ச் போதகர் வந்தாங்க, நாங்க ஐயர்னு சொல்லுவோம். ஒண்ணும் பேசல, பைபிள்ல யோவான் 9 எடுத்து அம்மாவயே வாசிக்கச் சொன்னாங்க. பிறவிக் குருடனைப் பாத்து யார் செஞ்ச பாவம்னு சீஷர்கள் கேக்குறாங்க, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல"ன்னு இயேசு சொல்றார். அம்மா அந்த வரிய மூணு நாலு தடவை வாசிச்சாங்க. அதுக்கப்புறம் தான் சாப்பிட்டாங்க.

இடது கைல ஃபிஸ்டுலா ஆபரேஷன் நடந்துச்சு, ரெண்டு ரத்தக்குழாயச் சேத்துத் தைப்பாங்க, அது ஊசி போடுற அளவுக்குப் பெருசாக ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும். ஒரு ரப்பர் பந்த வச்சு அமுக்கிட்டே இருக்கணும். அது மேல விரல் வச்சா லேத் மோட்டார் ஓடும்போது மேல கை வச்ச மாதிரியே ஒரு அதிர்வு வரும். அந்தக் கைல பிரஷர் பாக்க விடக்கூடாது, ரத்தம் எடுக்க விடக்கூடாது, வெயிட் தூக்கக் கூடாது. தினமும் காலைல கண் முழிச்சதும் அந்த அதிர்வு இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டு தான் ஜெபம் பண்ணுவேன்.

உண்மையிலேயே கஷ்டம் தண்ணி தான். திருநெல்வேலி வெயில்ல அளந்து தான் குடிக்கணும், இளநீர், வாழப்பழம் கிட்டயே போகக்கூடாது, பொட்டாசியம் ஏறினா இதயமே நின்னுரும். சர்ச்ல எல்லாருக்கும் சாப்பாடு போடுற அசனப் பண்டிகை அன்னைக்கு மனசு கேக்காம சாப்பிட்டுட்டு சொம்பு சொம்பா தண்ணி குடிச்சுட்டேன், மறுநாள் நாலு கிலோ கூடுதலாப் போனேன். மூணாவது மணி நேரத்துல கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுது பாருங்க, கத்திட்டேன், ஒரு சிஸ்டர் ஓடி வந்து பாதத்தப் பிடிச்சு மேல தள்ளிட்டே நின்னாங்க.

என் மாமியார் ஊர் டோனாவூர் பக்கம். அங்க பிள்ளைகளுக்காக வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல கீழ விழுந்து, 1951ல சாகுற வரைக்கும் பெரும்பாலும் ஒரே ரூம்ல படுக்கையில தான் இருந்தாங்க, அங்க இருந்துட்டே மத்த நோயாளிகளுக்கு எழுதிட்டே இருந்தாங்க. சின்ன வயசுலயே கேட்ட கதை தான், ஆனா பெட்ல நாலு மணி நேரம் அசையாம கெடந்தப்ப தான் எனக்கு அது உறைச்சுது. ஏன் ஆண்டவரே எனக்குன்னு கேட்டதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் வரல. ஆனா 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்துல, நமக்குக் கெடைச்ச ஆறுதல வச்சு உபத்திரவத்துல இருக்கிற மத்தவங்கள ஆறுதல் பண்ணத்தான் அவர் நமக்கு ஆறுதல் தர்றார்னு பவுல் எழுதியிருக்கிறத நான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். அந்தப் பெட்ல கெடக்காத யாருக்கும் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியும்ல.

அதனால இப்போ புதுசா யார் வந்தாலும் சிஸ்டர் எனக்குப் பக்கத்து பெட்ட குடுப்பாங்க. போன வியாழக்கிழமை ஒரு காலேஜ் பையன், கைல மொத தடவை ஊசி, அவன் அப்பா வெளிய நின்னு அழுறார். பையன் என் பக்கமே திரும்பல. "தம்பி, இங்க கை வச்சுப் பாரு"ன்னு என் இடது கைய நீட்டினேன். தயங்கித் தயங்கி ரெண்டு விரல வச்சான், சட்டுனு எடுத்தான், மறுபடி வச்சான். "அண்ணே, உங்களுக்கும் ஓடுதா"ன்னான். நாலு வருஷமா ஓடுதுப்பான்னேன். சிஸ்டர் ஊசி போடுற வரைக்கும் அவன் விரல எடுக்கவே இல்ல.