தர்ப்பைப்புல்லில் படுத்த ராமன்

ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணிக்குப் பத்து கிலோமீட்டர்தான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மூலவர் ஆதிஜகந்நாதப் பெருமாள், தாயார் பத்மாசனி. பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் இங்கே நாகப் பிரதிஷ்டை செய்து பால் பாயசம் வாங்கிக் குடிப்பார்கள். (ஊர்ப் பெயரைச் சொன்னதும் எனக்கு முதலில் அந்தப் பாயசம்தான் நினைவுக்கு வரும். பெருமாள் பொறுத்துக்கொள்வார்.)

பரமக்குடி அத்தை கூப்பிட்டதால்தான் போனேன். மாமா தவறிய பிறகு அத்தை வீட்டு வாசலிலேயே இட்லிக்கடை போட்டிருக்கிறார். வாங்கிய கடனில் பாதி இன்னும் நிற்கிறது. ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் அவர் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்ததைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். வேலை போய், இன்டர்வியூ முடிவுக்காகப் போனைத் தடவிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

பெரிய சன்னிதி முடிந்து தர்ப்பசயன ராமரிடம் வந்தோம். வேறெங்கும் நின்ற கோலத்திலேயே பார்த்துப் பழகிய ராமன் இங்கே படுத்திருக்கிறான். பக்கத்தில் சீதை இல்லை. கடலைக் கடக்க வழி கேட்டு, சமுத்திரராஜனைச் சரணடைந்து, தர்ப்பையைப் பரப்பி மூன்று நாள் கிடந்த கோலம். சக்கரவர்த்தித் திருமகன் வெறும் புல்லில் கிடந்து கேட்டும் கடல் வாய் திறக்கவில்லை. வில்லை எடுத்த பிறகுதான் சமுத்திரராஜன் எழுந்து வந்தான்.

விபீஷணன் சரணடைந்ததும் இந்தக் கரையில்தான் என்கிறார்கள். இலங்கையையும் பெண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு நான்கு பேரோடு வந்து ஆகாயத்தில் நின்றவன். எதிரியின் தம்பியை நம்பலாமா என்று சுக்ரீவன் தடுக்கிறான், அனுமன் பரிந்து பேசுகிறான். ராமனோ, ராவணனே வந்திருந்தாலும் அபயம் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறான். “கடல்கிட்ட போன சரணாகதிக்கு மூணு நாள் காத்திருப்பு. இவர்கிட்ட வந்த சரணாகதி அன்னிக்கே பலிச்சிடுத்து” என்றார் பட்டர், தீபாராதனைத் தட்டை நீட்டியபடியே. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ, எனக்குப் புதிதாக இருந்தது. நானும் இத்தனை நாளாகக் கடல்கிட்டதானே கேட்டுக்கொண்டிருந்தேன்!

அங்கிருந்து ஆட்டோ பிடித்துச் சேதுக்கரை. அமாவாசை இல்லாததால் கூட்டமில்லை. ஆஞ்சநேயர் இலங்கைத் திசையில் கடலைப் பார்த்து நிற்கிறார். வானரங்கள் இலங்கைக்குச் சேது என்ற பாலம் கட்டிய கணக்கை வால்மீகி நாள்வாரியாகவே சொல்கிறார்: முதல் நாள் 14 யோசனை (அந்தக் காலத்துத் தூர அளவு), அப்புறம் 20, 21, 22, ஐந்தாம் நாள் 23. ஆக 100. எந்த வேலையிலும் நாளாக ஆகக் கை சோரும். இவர்களுக்குக் கூடிக்கொண்டே போயிருக்கிறது. அத்தையிடம் இதைச் சொன்னேன்.

“பின்ன என்ன மருமகனே? பாலம் அக்கரை போய்ச் சேருமான்னு அதுக கணக்குப் பாத்திருந்தா மொத நாளே கை ஓஞ்சிருக்கும். சேக்குறது சாமி பொறுப்புன்னு விட்டுருச்சுக. அப்புறம் கல்லத் தூக்குறதுல என்ன பாரம்? கும்மாளம் போட்டுக்கிட்டே தூக்கியிருக்கும்.”

“கடனையும் அப்படித்தான் விட்டுட்டீங்களா?”

“கடன அடைக்கிறது நாந்தேன். அத நெனச்சு ராத்திரி முழிச்சுக் கெடக்குற வேலையத்தேன் பெருமாள்கிட்ட குடுத்துட்டேன். அதனாலதேன் நாலு மணிக்கு எந்திரிச்சு மாவு ஊத்த முடியுது.”

அலையில் கால் நனைத்துவிட்டு, தலையில் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டார். அடுத்த பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். அரிசி ஊறப்போட வேண்டுமாம். வர்ற மாசம் தோசைக்குத் தனியாக இன்னொரு அடுப்பு போடப் போகிறாராம், நானும் வந்து நின்றால் நல்லது என்றார். இன்டர்வியூ முடிவு வரும்வரை வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.